அந்த ஆறு எண்களைப் படித்துக் காட்டியது நான்தான்

சாமி,

இதை நேற்று நீ போனில் கூப்பிட்டபோதே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். நீ மண்டபத்துக்காரரிடம் பேசியதைச் சொன்னாய், சமையலுக்கு யாரைப் பிடித்திருக்கிறாய் என்று சொன்னாய், "சாப்ட்டீங்களாப்பா?" என்று கேட்டாய். நான் "ம்" என்றேன். நீ வைத்துவிட்டாய். முப்பது வருஷத்துக்கு மேல் எஸ்டேட் ஆபீசில் ரைட்டராக உட்கார்ந்து எழுதியவனுக்கு வாயைவிடக் கைதான் பழக்கம். அதனால் எழுதுகிறேன். கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் கோபப்படு. நடுவில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடாதே. கூப்பிட்டால் மறுபடியும் "ம்" என்றுதான் சொல்வேன்.

விஷயம் இதுதான். தை மாதம் நம் டிவி கணக்கு களவு போனது. படம், சீரியல் எல்லாம் பார்ப்பதற்கு நீ போட்டுக்கொடுத்த கணக்கு. அதில் உன் அம்மா பேரில் இருந்த பக்கம் மொத்தமாக அழிந்துபோனது. அது நம் ரூம்களைப் பார்த்துக்கொண்ட பிலோமினாவால் நடந்தது என்று நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். கல்யாணப் பத்திரிகை யார் யாருக்கு வைக்க வேண்டும் என்று நான் அனுப்பிய லிஸ்ட்டில் அவள் பேரை அடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறாய். அவளால் அது நடக்கவில்லை. என்னால் நடந்தது. அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

முதலிலிருந்து சொல்கிறேன், இல்லாவிட்டால் எனக்கு வரிசை பிடிபடாது. பெங்களூரில் வேலை கிடைத்து நீ முதல் தடவை மலைக்கு மேலே வந்தபோது அந்தக் கணக்கைத் தொடங்கினாய். உனக்கு ஒரு பக்கம், எனக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, நாம் வாடகைக்கு விடுகிற இரண்டு ரூமில் தங்குகிறவர்களுக்கு 'கெஸ்ட்' என்று ஒன்று. அதிகம் பார்க்கப்போவது அம்மாதான் என்று அவள் போன் நம்பரையும் அவள் மெயிலையும் கொடுத்தாய். "மெயிலுக்கு வேற பாஸ்வேர்டு, இதுக்கு வேற பாஸ்வேர்டு வெக்கோணும்மா" என்று நீ சொன்னாய். "ஒரு ஊட்டுக்கு எத்தன சாவிடா கண்ணு? எனக்கு ஞாபகம் இருக்காது" என்று அவள் சிரித்தாள். இரண்டுக்கும் ஒன்றையே வைத்தாள். நானும் அவள் சொல்வதுதான் நியாயம் என்று நினைத்தேன். இப்போது உனக்கு எழுதுகிறேன், புதுக்குடித்தனம் வைக்கப்போகிறவனே: இரண்டுக்கும் இரண்டு வைத்துக்கொள். ஒன்று போனால் ஒன்றாவது மிஞ்சும்.

அதோடு விட்டோமா? ரூமுக்கு வருகிறவர்கள் எல்லாரும் பையை இறக்கியதும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். ஏரி எங்கே என்று கேட்கமாட்டார்கள், பாஸ்வேர்டு என்ன என்று கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சலித்து, நல்ல அட்டை ஒன்றில் கொட்டை எழுத்தில் எழுதி, சேலத்தில் லேமினேஷன் போட்டுக் கொண்டுவந்து இரண்டு ரூமின் கதவுக்குப் பின்னாலும் ஒட்டினேன். "சாரோட எழுத்து அச்சு மாதிரி இருக்கு" என்று ஒரு பெண் பாராட்டிவிட்டு அதைப் போட்டோ எடுத்துக்கொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டைப் பூட்டிச் சாவியை வாசலில் தொங்கவிட்டு, அதற்குப் பாராட்டும் வாங்கிக்கொண்டவன் உன் அப்பன். அவர்கள் காலி செய்துகொண்டு போன பிறகு எல்லா டிவியிலிருந்தும் வெளியேறிவிட வேண்டும் என்று நீ சொல்லிக்கொடுத்திருந்தாய். ஒருநாள்கூட நான் செய்யவில்லை. வெளியூர்க்காரன் எவனெவனோ தன் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து நம் கணக்கில் படம் பார்த்திருப்பான். பார்த்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நானும் இருந்தேன்.

அப்புறம் அம்மாவுக்கு உடம்புக்கு வந்தது. அந்த நாட்கள் உனக்கே தெரியும், நான் விவரிக்கப்போவதில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிச் சேலம் ஆஸ்பத்திரி, சாயங்காலம் திரும்பி ஏற்றம். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னார்களோ அங்கே போட்டேன். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதுதான் என் தொழில், ஆனாலும் படிக்கவில்லை. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு எனக்குள் ஏதோ மரத்துப்போனது. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் நம்முடையது இல்லை என்கிற மாதிரி இருக்குமே, அது உடம்பு முழுக்க. "ரைட்டர் நொம்ப தைரியமான மனுசன்" என்று கோயிலில் பேசிக்கொண்டார்கள். தைரியமெல்லாம் இல்லை. டீயில் சர்க்கரை போட்டேனா இல்லையா என்று குடித்து முடித்த பிறகும் எனக்குத் தெரியாது.

ஒன்றை நீ கவனித்திருக்கமாட்டாய். அம்மா இறந்துபோனாள் என்பதை நான் யாருக்கும் சொன்னதே இல்லை. சொந்தக்காரர்களுக்கு நீ போன் செய்தாய். ஊருக்குக் கோயில் மணி சொன்னது. போஸ்டரை உன் சிநேகிதர்கள் அடித்து ஒட்டினார்கள். என் வாயால் அந்த வாக்கியத்தைச் சொல்லவேண்டிய அவசியமே எனக்கு வரவில்லை. அவள் போனை மட்டும் தினமும் சார்ஜ் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். 'ரூம் கிடைக்கும்' என்று ரோட்டோரம் வைத்த போர்டில் அவள் பேரும் நம்பரும் இருக்கிறது, யாராவது கூப்பிடுவார்கள் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். அது காரணம் இல்லை.

தை மாதம் ஒரு மத்தியானம், களத்தில் காப்பிக்கொட்டையைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தேன். அவள் போன் அடித்தது. எடுத்தேன். "வணக்கம் சார். ரெஜினா மேடம் இருக்காங்களா?" என்று ஒருவன் கேட்டான். நல்ல குரல், பணிவான பேச்சு. ரூம் கேட்டு வருகிற போன்களில் யாரும் பேர் சொல்லிக் கேட்பதில்லை. அவள் போய் எத்தனையோ மாதம் கழித்து ஒரு மனிதன், அவள் உள்ளே இருக்கிறாளா என்று கேட்கிறான். நான் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "இருக்காங்க. உள்ள வேலையா இருக்காங்க. என்ன சொல்லோணும், எங்கிட்ட சொல்லுங்க" என்றேன்.

மேடத்தின் கணக்கு இன்றோடு நின்றுபோகப் போகிறது, நிறுத்தாமல் இருக்க வேண்டுமானால் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அதைப் படித்துக் காட்டினால் போதும் என்றான். மெசேஜ் வந்திருந்தது. ஆறு எண்கள். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தேன். இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அதிலேயே கீழே போட்டிருந்தது. ரைட்டர் புத்தி, அதையும் சேர்த்துப் படித்தேன். "அது எல்லாத்துக்கும் பொதுவா போடறது சார்" என்றான். சரி என்றேன். "மேடத்தை விசாரிச்சதாச் சொல்லுங்க" என்றான். சொல்கிறேன் என்றேன். வைத்துவிட்டு மறுபடியும் காப்பிக்கொட்டையைக் கிளறினேன். அந்த நாலைந்து நிமிஷம் எனக்கு வீட்டுக்குள் மனைவி இருந்தாள் சாமி. அது பொய் என்று எனக்குத் தெரியும். அவன் ஏமாற்றுக்காரனாக இருக்கலாம் என்றுகூட ஒரு ஓரத்தில் தெரிந்தது. தெரிந்தும், மரத்துப்போன உடம்பில் எதுவும் படவில்லை.

பாஸ்வேர்டு அவனிடம் ஏற்கெனவே இருந்திருக்கும், அந்த அட்டையின் புண்ணியத்தில். அது மட்டும் இருந்தால் படம்தான் பார்க்கலாம். மெயிலையும் நம்பரையும் மாற்றிக் கணக்கையே தன்னுடையதாக்கிக்கொள்ள அவனுக்கு அந்த ஆறு எண்கள் தேவைப்பட்டன. இப்படித் தூக்கிய கணக்கை நாலு பேருக்கு விற்றுவிடுவார்கள் என்று பிறகு நீதான் சொன்னாய். மூன்றாம் நாள் டிவி நம்மை உள்ளே விடவில்லை. உனக்குச் சொன்னேன். நீ சனிக்கிழமை வந்து, கார்டு விவரத்தையெல்லாம் காட்டி, கம்பெனிக்காரர்களோடு மணிக்கணக்கில் போனில் மல்லுக்கட்டிக் கணக்கை மீட்டாய். திறந்தால் உள்ளே யார் யார் பேரோ இருந்தது. நம் நாலு பக்கமும் இல்லை. அழித்த பக்கம் அழித்ததுதான், திரும்ப வராது என்றார்கள். நீ கட்டிலில் உட்கார்ந்து அழுதாய். "அம்மா நிறுத்துன எடம் அதுல இருந்துச்சுப்பா. பதினொண்ணாவது எபிசோட். நான் பெங்களூர்ல அத தெனமும் தொறந்து பாப்பேன்" என்றாய்.

நானும் இங்கே தினமும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சீரியலின் படம், அதன் கீழே பாதிவரை ஓடி நின்ற சிவப்புக் கோடு. அதற்குமேல் ஓடவிடமாட்டேன், பார்த்துவிட்டு மூடிவிடுவேன். அப்பனும் மகனும் இரண்டு ஊரில் உட்கார்ந்து ஒரே கோட்டைப் பார்த்திருக்கிறோம், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல். அந்த நிமிஷமே உன் பக்கத்தில் உட்கார்ந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்கள். எனக்கு அழுகையும் வரவில்லை, சொல்லவும் வரவில்லை. உனக்கு டீ போட எழுந்து போனேன்.

நான் டீயோடு வரும்போது நீ லிஸ்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எந்தெந்தப் போன், எந்தெந்த டிவியில் நம் கணக்கு ஓடியது என்று வருமே, அந்த லிஸ்ட். அதில் ஒரு போன் உனக்குப் புரியவில்லை. பிலோமினா அப்போதுதான் துவைத்து மடித்த பெட்ஷீட்டுகளோடு முன்வாசலில் ஏறினாள். எட்டு வருஷமாக நம் ரூம்களைப் பார்த்துக்கொண்டவள், உன் அம்மாவைக் கடைசி மாதம் தூக்கி உட்கார வைத்தவள். "பிலோமிக்கா, இது உங்க போனா?" என்று கேட்டாய். "ஆமாங்க தம்பி. அக்காதான் போட்டுக் குடுத்தாங்க" என்றாள். "செத்தவங்க மேல பழியப் போடாதீங்க. யாருக்கெல்லாம் பாஸ்வேர்டக் குடுத்தீங்க?" என்று நீ கத்தினாய். முன்வாசலில் இரண்டு ரூமின் விருந்தாளிகளும் நின்றார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் டீ டம்ளரைப் பார்த்தேன். அவள் பெட்ஷீட்டுகளை நாற்காலியில் வைத்துவிட்டு, ரூம் சாவிகளை அதன்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பயத்தில் வாயை மூடிக்கொண்டேன் என்று சொன்னால்கூடக் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். பயமும் இல்லை. நான் சொன்னால், எதற்காகப் படித்துக் காட்டினீர்கள் என்று நீ கேட்பாய். செத்துப்போனவளை உள்ளே வேலையாக இருக்கிறாள் என்று சொன்னதைச் சொல்ல வேண்டிவரும். அதைவிடப் பழி பிலோமினாமேல் இருந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன். நினைவுப் பூசைக்கு அவள் வந்திருந்தாள், நீ பார்க்கவில்லை. கோயிலில் கடைசி பெஞ்சுக்கும் பின்னால், கதவோரம் நின்றாள். சாப்பாட்டுக்கு நிற்காமல் போனாள். நான் பார்த்துவிட்டுப் பாட்டுப் புத்தகத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். நம் வீட்டுப் பூசையில் அவள் கதவோரம் நின்றது எனக்குப் பட்டிருக்க வேண்டும். படவில்லை.

போன வாரம் அம்மாவின் போன் மறுபடி அடித்தது. ஒரு பெண். ஏதோ இன்ஷூரன்ஸ். "ரெஜினா மேடம் இருக்காங்களா சார்?" என்றாள். கையில் நீ திருப்பி அனுப்பிய லிஸ்ட் இருந்தது, பிலோமினா பேரின்மேல் நீ இழுத்த கோடு. "இல்லீங்க. அவங்க எறந்துட்டாங்க" என்றேன். என் வாயால் முதல் தடவை. அந்தப் பெண் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள். பரவாயில்லை கண்ணு என்று அவளுக்கு நான் ஆறுதல் சொன்னேன். வைத்த பிறகு களத்து மேட்டில் உட்கார்ந்தேன். சொன்னதால் வானம் இடிந்து விழவில்லை. இதைச் சொல்ல முடிந்தவனுக்கு இன்னொன்றைச் சொல்ல என்ன கேடு என்று தோன்றியது.

நீ பிறக்கும் முன் நடந்த ஒன்று அப்போது ஞாபகம் வந்தது. எஸ்டேட் ஸ்டோர் சாவி காணவில்லை என்று வாட்ச்மேனை, காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு மஸ்டர் எடுக்கும் இடத்தில், எல்லா ஆட்கள் முன்னாலும் நான் பிடித்து ஏசினேன். சாயங்காலம் என் மழைக்கோட்டின் கிழிந்த பைக்குள்ளிருந்து சாவி விழுந்தது. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். உன் அம்மா விடவில்லை. "நாலு பேரு முன்னாடி ஏசினத நாலு பேரு முன்னாடிதான் திருப்பி எடுக்கோணும். இல்லாட்டி அது திருப்பி எடுத்ததா கணக்கில்ல" என்றாள். மறுநாள் காலை மஸ்டரில் நின்று சொன்னேன். அன்றைக்கு அவள்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

அதனால் நேற்று முன்தினம் உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். பத்திரிகை ஒன்றை எடுத்து உறையில் பிலோமினா பேரை எழுதி, தட்டும் பழமும் வாங்கிக்கொண்டு, பஸ் ஏறி அவள் இருக்கும் வாழவந்திக்குப் போனேன். அவள் வாசலில் நின்று, இப்போது வேலை பார்க்கிற ரிசார்ட்டின் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். குழாயடியில் இரண்டு பெண்கள் குடத்தோடு நின்றார்கள். "ஏனுங்க ரைட்டரய்யா, இத்தன தூரம்! ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனுங்களே" என்றாள். நாற்காலி போட்டாள். நான் உட்காரவில்லை. குழாயடிக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "பிலோமி, அந்த டிவி கணக்கு போனது உன்னால இல்ல. நாந்தான் போன்ல நம்பரப் படிச்சுச் சொல்லிப்போட்டேன். அது தெரிஞ்சும், பையன் உன்னயப் பேசறப்ப வாய மூடிட்டு நின்னேன். தப்பு என்னுது."

கையிலிருந்த சட்டையின் காலரை அவள் தேய்த்து முடித்தாள். "நான் பண்ணலைன்னு எனக்குத் தெரியுமுங்களே. அது போதும்னு இருந்தேன்" என்றாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தட்டை நீட்டினேன். பழத்தை எடுத்துக்கொண்டாள், பத்திரிகையைத் தட்டிலேயே விட்டுவிட்டாள். "இது தம்பி கையில வாங்கறதுங்க. நீங்க வெச்சா ஆகாது" என்றாள்.

நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய். ஒரு அப்பன் இந்த இடத்தில் பெரிய பெரிய புத்தி சொல்ல வேண்டும். என்னிடம் இருப்பது சின்னச் சின்னதுதான். போனுக்கு வருகிற நம்பரை யார் கேட்டாலும் சொல்லாதே, எவ்வளவு அன்பாகக் கேட்டாலும். கணக்கு எந்தெந்தப் போனில் ஓடுகிறது என்று காட்டும் லிஸ்ட்டை மாதம் ஒரு தடவை பார், தெரியாதது இருந்தால் வெளியே தள்ளு. ஆனால் தள்ளுவதற்கு முன், இது யார் என்று அமைதியாக ஒரு வார்த்தை கேள். பதில் சொல்வது யாராக இருந்தாலும், உன் மனைவியாக இருந்தாலும், அதை ஒரு நிமிஷம் நம்பிப் பார். அம்மாவின் மெயிலை மூடுவதா, நம்பரை என்ன செய்வது என்று நீ நாலு தடவை கேட்டுவிட்டாய், நான் பதில் சொல்லவில்லை. மூடிவிடலாம். அட்டைகளைக் கிழித்துவிட்டேன். நான் மரத்துப்போய் இருந்தேன் என்பது உண்மைதான், அதற்காகப் பிலோமினா விலை கொடுத்திருக்க வேண்டியதில்லை. உன்னையும் ஏமாற்றினேன். மன்னித்துக்கொள்.

கிளம்பும்போது பஸ் நிற்கும் இடம்வரை அவள் கூட வந்தாள். வழியில் சொன்னாள். "தம்பி அன்னைக்கு, அம்மா பதினொண்ணுல நிறுத்துனாங்கன்னு அழுதது வெளிய கேட்டுச்சுங்க. பதினொண்ணுல நிறுத்துலீங்க. டிவி முன்னால உக்கார முடியாமப் போனப்ப, படுத்துக்கிட்டே பாக்கட்டும்னு எம்போனப் புடிச்சுக் காட்டுனேன். அதுக்குத்தான் அக்கா போட்டுக் குடுத்தாங்க. அவங்க பக்கத்துல கை வெக்கவேண்டாம்னு கெஸ்ட்டுன்னு இருந்ததுலதான் பாத்தோம். எந்த எடத்துல போதும் பிலோமி, மீதிய நாளைக்குப் பாக்கலாம்னு சொன்னாங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. அதுக்கப்பறம் கதையில என்ன ஆகும்னும் அவுங்களா ஒண்ணு சொன்னாங்க. தம்பி வந்தா சொல்றேனுங்க."

இத்தனை மாதத்தில் எனக்கு ஏதோ ஒன்று பட்டது அப்போதுதான். எந்த இடம் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பஸ்ஸும் வரவில்லை, கேட்கத் தாராளமாக நேரம் இருந்தது. கேட்கவில்லை. தம்பி வந்தால் என்றுதான் அவள் சொன்னாள்.

வரும் ஞாயிறு கோயிலில், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஊருக்கு அறிவிக்கிற உங்கள் ஓலையை முதல் தடவை வாசிக்கிறார்கள். அதற்கு முன்னால், சனிக்கிழமையே வா. மெயின் ரோட்டில் வண்டி நகராது, குப்பனூர் வழியாக ஏறி வா. அவள் பேரை நான் எழுதியிருந்த உறையைக் கிழித்துப் போட்டுவிட்டேன். வெறும் உறை ஒன்றும் பேனாவும் எடுத்து வைத்திருக்கிறேன். பேரை நீ எழுது.

அப்பா